பத்தில் போன சம்பளம்

(சற்று நீண்ட பதிவு. ஆய்வேட்டின் இயல் ஒன்றில் இடம் கிடைக்காமல் ஒதுங்கிப்போன செய்திகளைக் கோத்து எழுதியிருக்கிறேன். மூணாறு, பீர்மேடு, பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரங்களில் வேர் உள்ள நண்பர்கள் திருத்தங்கள் சொல்லலாம்.)

களப்பணி ஒலிப்பதிவுகளை எழுத்தில் பெயர்த்துக்கொண்டிருந்தபோது நான் செய்த ஒரு பிழையிலிருந்து தொடங்குகிறேன். தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கொழுந்து எடுத்து ஓய்வுபெற்ற ஒரு பாட்டியிடம் பழைய சம்பள நாள்களைப் பற்றிக் கேட்டிருந்தேன். “சம்பளம் எங்க தாயி கைக்கு வந்துச்சு? எல்லாம் பத்துல போயிரும்” என்றார். அதை ‘எல்லாம் 10இல் போய்விடும்’ என்று பெயர்த்து, பத்தாம் தேதியா, பத்து ரூபாயா என்று ஓரத்தில் ஒரு கேள்விக்குறியும் இட்டுவைத்தேன். இரண்டு வாரம் கழித்து, அதே பதிவின் பிற்பகுதியில் ‘பத்துப் பொஸ்தகம்’ என்ற தொடர் வந்தபோதுதான் உறைத்தது. காற்று காத்தாவதுபோல, நேற்று நேத்தாவதுபோல, பற்று பத்தாகியிருந்தது. மொழியியலில் முதுகலை படித்தவள் முதல் கேட்பிலேயே பிடித்திருக்க வேண்டிய ஒலிமாற்றம். என் நெறியாளர் இந்தப் பதிவைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

கணக்கேட்டில் வரவுக்கு எதிர்ப்பக்கம் பற்று. மளிகைக் கடையில் காசு கொடாமல் எடுத்துச் செல்லும் சரக்குக்கும், அது எழுதப்படும் ஏட்டுக்கும் அதே சொல்தான். மலையாளத்திலும் கடைக்கடனுக்குப் பற்று என்றே பெயர். ஆகவே எல்லைப்புறத்தில் கடைக்காரர் எந்த மொழிக்காரராக இருந்தாலும் இந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. துறவிகள் அறுக்கச் சொன்ன பற்றும் இதுதான். பிடித்தால் விடாதது என்ற வேர்ப்பொருள் இரண்டுக்கும் பொதுவாக நிற்கிறது.

குடும்ப வரவுசெலவைத் திட்டமிடுவது, மளிகைச் செலவைக் குறைப்பது பற்றிய அறிவுரைகளுக்கு இன்று பஞ்சமில்லை. பட்டியல் போட்டுக்கொண்டு கடைக்குப் போ, மொத்தமாக வாங்கு, விலையை ஒப்பிட்டுப் பார், சம்பளம் வந்தவுடன் முதலில் சேமிப்பை ஒதுக்கு. இவை யாவும் ஒரு வரிசையைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கின்றன: முதலில் சம்பளம், பிறகு அரிசி. மேற்குத்தொடர்ச்சி மலையின் தோட்டங்களில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இந்த வரிசை தலைகீழாக இருந்தது. அரிசி முதலில் வந்தது. சம்பளம் அதைத் தேடிப் பின்னால் வந்தது. அப்படிப்பட்ட வீட்டில் சிக்கனம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதே என் கேள்வி.

1877இல் பூஞ்சார் அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலையை ஜான் டேனியல் மன்றோ பெற்றதும், 1897இல் ஃபின்லே முயர் குழுமத்தின் பின்பலத்தோடு கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவானதும் நமக்குத் தெரிந்த வரலாறு. மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரப் பகுதிகளிலிருந்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு மலையேறியவர் கங்காணி. ஆளைச் சேர்க்கும்போதே அவர் முன்பணம் கொடுத்தார். ஊரில் இருந்த கடனை அடைக்கவும் வழிச்செலவுக்கும் அந்தப் பணம் போனது. குடும்பம் லயத்தில் காலடி வைக்கும்போதே ஏட்டின் பற்றுப் பக்கத்தில் ஒரு தொகை ஏறியிருந்தது. முன்பணம் வாங்கியவர் வேலையை விட்டு நீங்கினால் தண்டிக்க பிரிட்டிஷ் இந்தியாவில் 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம் இருந்தது. திருவிதாங்கூரும் அதே தடத்தில் நடந்தது. கடன் பாக்கி என்பது அன்று உரிமையியல் வழக்கு மட்டுமல்ல, சிறைக்கும் வழி.

அடுத்தது அரிசி. அஞ்சுநாட்டில் வயல்கள் இருந்தன என்றாலும், தேயிலைக்கென்று திருத்தப்பட்ட மலைகளில் வந்து குவிந்த ஆயிரக்கணக்கான வயிறுகளுக்கு அவை போதாது. அரிசி சமவெளியிலிருந்து ஏறி வர வேண்டும். டாப் ஸ்டேஷனுக்கும் கீழே போடிப் பக்கம் கொட்டகுடிக்கும் இடையே ஓடிய கம்பிவடப் பாதையில் தேயிலைப் பெட்டிகள் இறங்கின. அரிசியும் பிற சரக்குகளும் ஏறின. மேலே குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒரு குட்டி ரயில் இருந்தது. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அதைக் கொண்டுபோய்விட்டது. போடிநாயக்கனூருக்கு மதுரையிலிருந்து ரயில் வந்தது 1928இல். இந்தப் போக்குவரத்து வரலாற்றைச் சுற்றுலாக் கையேடுகள் அழகாகவே எழுதுகின்றன. சமையலறையின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதற்கு வேறொரு பொருள் உண்டு. அரிசியை மேலே ஏற்றும் வழி யார் கையில் இருந்ததோ, அரிசியின் விலையும் அவர் கையில் இருந்தது. விலையை ஒப்பிட்டு வாங்குவதற்கு இரண்டாவது கடை வேண்டுமல்லவா?

இலங்கையின் மலையகத்தில் இந்தப் பிணைப்பு சட்டமாகவே எழுதப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் இந்தியத் தொழிலாளருக்கான நாட்கூலியை நிர்ணயித்தபோது, தோட்டம் கொடுக்கும் அரிசியின் விலையும் கூடவே நிர்ணயிக்கப்பட்டது. கூலியும் அரிசியும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள் என்று ஓர் அரசு ஒப்புக்கொண்ட அரிய தருணம் அது. நம் பக்கத்து மலைகளில் அந்தப் பிணைப்பு வழக்கமாக இருந்தது. நெடுங்காலம் சட்டத்தின் கண்ணில் படவில்லை.

தோட்ட நிர்வாகங்களின் எழுத்துகளைப் படிக்கும் எவரும் ஒரு குற்றச்சாட்டைத் தவறாமல் சந்திப்பர்: தொழிலாளிக்குச் சிக்கனம் தெரியாது, கையில் வந்ததைச் செலவழித்துவிடுவான், அதனால்தான் கடனாளியாக இருக்கிறான். ஆவணக் காப்பகத்தில் அமர்ந்திருக்கும் ஆய்வாளருக்கு இதை மறுக்க உடனடிச் சான்று கிடைப்பதில்லை. கங்காணியின் கணக்கு உண்டு, அலுவலகத்தின் செக்ரோல் உண்டு, கடைக்காரரின் பற்றேடு உண்டு. வீட்டின் கணக்கு எங்கே? அது எழுதப்படவில்லை. எழுதப்படாத கணக்கைச் சொற்களில்தான் தேட வேண்டியிருக்கிறது. என் துறைக்கு இங்கே கொஞ்சம் வேலை இருப்பதாக நினைக்கிறேன்.

முதல் சொல் சிறுவாடு. பெண்கள் வீட்டுச் செலவிலிருந்து தெரியாமல் மிச்சம் பிடித்து வைக்கும் சிறுதொகை. அரிசிப் பானையின் அடியில், கடுகு டப்பாவில், முந்தானை முடிச்சில், சுருக்குப்பையில் அது கிடக்கும். இது ஒளித்துவைத்த பணம் என்பதையே பலரும் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். ஆனால் யாரிடமிருந்து ஒளித்தது என்று கேட்டால், குடிக்கிற கணவனிடமிருந்து என்ற விடை மட்டும் வருவதில்லை. பாக்கி கேட்டு வருகிறவரிடமிருந்து என்ற விடையும் வருகிறது. பற்றேட்டுக்குத் தெரியாத ஒரே வரவு சிறுவாடு.

அதற்குள் அடங்கியிருந்த கணக்கறிவைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. திருவிதாங்கூரின் நாணயத்தில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். மலையிறங்கிப் போடிக்கோ கம்பத்துக்கோ போனால் 16 அணா ஒரு ரூபாய். திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம் என்றால் பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். அளவையிலும் அதே சிக்கல்: ஒரு பக்கம் படியும் உழக்கும், மறுபக்கம் இடங்கழியும் நாழியும். படியைத் தலைதட்டி அளக்கிறாரா, குவித்து அளக்கிறாரா என்று கண்ணால் பார்த்தே இழப்பைச் சொல்ல வேண்டும். 1957 ஏப்ரலில் நயா பைசாவும், 1962க்குள் கிலோவும் வந்தபோது இத்தனையையும் மறுபடி மனத்துக்குள் மாற்றிப் போட்டவர்கள் கைநாட்டுப் பெண்கள். சிக்கனம் தெரியாதவர்கள் என்று எழுதப்பட்டவர்களும் அவர்கள்தாம்.

இரண்டாவது சொல் பிடியரிசி. உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவது. தமிழிலும் மலையாளத்திலும் கிட்டத்தட்ட ஒரே வடிவம், மலையாளத்தில் பிடியரி. மத்தியத் திருவிதாங்கூரில் பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுக்காக 19ஆம் நூற்றாண்டிலேயே சாவறை குரியாக்கோஸ் ஏலியாஸ் இதை ஓர் ஏற்பாடாக ஆக்கினார். திருநெல்வேலிக் கிறித்தவச் சபைகளில் கைப்பிடி அரிசிக் காணிக்கை இன்றும் நினைவில் இருக்கிறது. கோயிலுக்கு, சபைக்கு, சங்கத்துக்கு என்று எடுத்த பிடி ஒரு வகை. மாதக் கடைசியில் அரிசி தீரும் இரண்டு நாளுக்கென்று எடுத்த பிடி வேறு வகை. லயத்துப் பெண்கள் என்னிடம் சொன்னது இரண்டாவது வகையைப் பற்றி.

இதை எழுதும்போது ஒரு தயக்கம் வருகிறது. பிடியரிசியைப் பாட்டிமாரின் மதிநுட்பம் என்று கொண்டாடும் பதிவுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நானே ஒன்று எழுதியிருக்கிறேன். ஆனால் உலையிலிருந்து குறைந்த அந்தப் பிடி யாருடைய தட்டில் குறைந்தது? கணவனும் பிள்ளைகளும் சாப்பிட்ட பின் சட்டியில் மிஞ்சுவதைச் சாப்பிடுகிறவரின் தட்டில்தான். அதே பெண் மறுநாள் விடியற்காலையில் மலைச்சரிவில் ஏறி நின்றாக வேண்டும். சேமிப்பு என்று நாம் பெயரிடுவது அந்த வீட்டில் பசியின் பங்கீடாகவும் இருந்தது.

இந்தப் பங்கீட்டுக்கு அரசாங்கக் கணக்கில் ஓர் எண்ணும் உண்டு. 1957 ஜூலையில் தில்லியில் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, தேவை அடிப்படையிலான குறைந்தபட்சக் கூலிக்கு விதிகள் வகுத்தது. ஊட்டச்சத்து அறிஞர் ஆய்க்ராய்டின் அளவுகோலை ஒட்டி உணவு, ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 72 கெஜம் துணி, வாடகை, எரிபொருள் முதலியவற்றுக்கு 20 விழுக்காடு என்று நீளும் அந்தச் சூத்திரத்தில், உழைப்பவர் ஒருவருக்கு மூன்று நுகர்வு அலகுகள். அதை வழக்கமாக விரித்துக் காட்டுவது இப்படி: ஆண் 1, பெண் 0.8, குழந்தைகள் இருவருக்கும் தலா 0.6. பெண் வீட்டில் இருப்பவள், அவள் வருமானம் கணக்கில் சேராது என்ற அனுமானத்தில் நிற்கும் சூத்திரம். நாள் முழுதும் கூடை சுமக்கும் கொழுந்துப் பெண்ணை அதற்குள் எங்கே வைப்பது? வங்காளத்துத் தேயிலைத் தோட்டங்களில் இதற்கு ஒரு விடை கண்டார்கள். பெண்ணும் உழைக்கிறாள், ஆகவே உழைப்பவர் ஒருவருக்கு மூன்று அலகு வேண்டாம், ஒன்றரை போதும் என்றார்கள். அவள் உழைப்பதே கூலியைப் பாதியாக்கக் காரணமாயிற்று. இந்த வாதத்தை முதன்முறை படித்தபோது இரண்டு தடவை திரும்பிப் படித்தேன்.

விலைவாசிக் குறியீட்டுக்காக 1958–59இல் நாட்டின் 50 மையங்களில் தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவு ஆராயப்பட்டது. பீர்மேட்டின் அடிவாரத்தில் இருக்கும் முண்டக்கயம் அவற்றுள் ஒன்று. 1960ஐ அடிப்படையாகக் கொண்ட குறியீட்டு வரிசையில் அது இடம்பெற்றது. 2016 அடிப்படை வரிசையில் இடுக்கி என்ற பெயரே வந்துவிட்டது. அனைத்திந்திய அளவில் உணவுக்கான எடைமானம் 2001 வரிசையில் 46.2 விழுக்காடு, 2016 வரிசையில் 39.2. இந்த எண்களை நான் குறை கூறவில்லை. இவை இல்லாமல் கூலிப் பேச்சே நடக்காது. வீடு என்ன வாங்கியது என்பதை அவை சொல்கின்றன. வாங்காமல் விட்டது அவற்றில் இல்லை.

மூன்றாவது சொல்லுக்கு வருகிறேன். இங்கேதான் எல்லை குறுக்கிடுகிறது. பத்துப் பேர் மாதம் ஒரு தொகை போட்டு, முறைவைத்து எடுக்கும் ஏற்பாட்டுக்குத் தமிழில் சீட்டு. திருவிதாங்கூர்ப் பக்கம் சிட்டி. சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழர்களின் பேச்சில்கூடக் குறி என்ற சொல் புழங்குகிறது. சித்தூர் பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது என்பதை நினைவில் கொண்டால் இது வியப்பில்லை. கொச்சியில் இதை ஒழுங்குபடுத்தக் கொல்லம் ஆண்டு 1107இல் இயற்றிய சட்டத்தின் பெயரே கொச்சி குறிகள் சட்டம். 1956இல் மூன்று ஆட்சிப் பகுதிகளும் ஒரு மாநிலமாயின. சொற்கள் இன்னும் ஒன்றாகவில்லை. லயங்களில் பணச்சீட்டோடு பாத்திரச் சீட்டும் தீபாவளிப் பலகாரச் சீட்டும் நடந்தன. 1998இல் குடும்பஸ்ரீ வந்தபின், வாரச் சேமிப்புக்கே அந்தப் பெயர் ஆகுபெயராகிவிட்டது: “இந்த வாரம் குடும்பஸ்ரீ கட்டணும்.”

சீட்டு பெண்களுக்குப் பிடித்ததன் காரணத்தை ஒருவர் எனக்கு நன்றாக விளக்கினார். கையில் இருக்கும் பணத்தைக் காக்க முடியாது, கேட்டால் கொடுத்தாக வேண்டும்; சீட்டில் கிடக்கும் பணத்தைக் கேட்டால் ‘இல்லை’ என்று பொய் சொல்லாமலே சொல்லலாம்.

எல்லை என்று சொன்னதால் ஒன்றைக் கடந்துபோக முடியவில்லை. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்ததும் பர்மா அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூர் திணறியது. 1960களின் நடுவில், மாநிலங்களுக்கிடையே அரிசி செல்லத் தடைகள் இருந்த காலத்தில், கேரளம் மீண்டும் அதே நிலைக்கு வந்தது. ரேஷன் கடை அங்கே அன்றாட வாழ்வின் மையமானது அப்போதுதான். தோட்டத்துக்கும் கங்காணிக்கும் கட்டுப்படாத விலையில் அரிசி கிடைத்த முதல் இடம் என்பதால் மலையில் அதன் பொருள் இன்னும் ஆழமானது. போடிமெட்டு வழியாகவும் வாளையாறு வழியாகவும் சில படி அரிசியை மடியிலும் மூட்டையிலும் மறைத்துக் கடந்த கதைகள் இரு மாவட்ட முதியவர்களிடமும் உண்டு. 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி விலையில்லாமல் வழங்கப்படுகிறது; அந்த அரிசி பாலக்காட்டு எல்லைச் சாவடிகளில் மூட்டை மூட்டையாகப் பிடிபடும் செய்தியை இப்போதும் நாளிதழ்களில் காணலாம். மடியரிசிக்கும் லாரி அரிசிக்கும் சட்டத்தின் பெயர் ஒன்றுதான், கடத்தல். எனக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றவில்லை.

பற்றேட்டைப் பற்றி ஒருபக்கமாகவே எழுதிவிட்டேனோ என்ற ஐயமும் இருக்கிறது. 2000ஐ ஒட்டித் தேயிலை விலை சரிந்து பீர்மேட்டுத் தோட்டங்கள் பல மூடப்பட்டன. அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த மானிடவியலாளர் ஜெயசீலன் ராஜ் 2022இல் வெளியிட்ட ‘பிளாண்டேஷன் கிரைசிஸ்’ நூல் அந்தச் சரிவின் வரலாறு. சம்பளம் நின்றதும் கடைக்காரர் பற்று எழுதுவதையும் நிறுத்தினார். அவர் மட்டும் எத்தனை நாள் தாங்குவார்? கழுத்தைப் பிடித்திருந்த கை விலகியபோது, அதே கைதான் தாங்கியும் நின்றது என்று தெரிந்தது. ஆண்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கினர்.

2015 செப்டம்பருக்கு வருகிறேன். மூணாற்றில் முந்தைய ஆண்டு 19 விழுக்காடாக இருந்த போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதும், பெரும்பாலும் தலித் தமிழ்ப் பெண்களான தொழிலாளர்கள் தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கிவிட்டுச் சாலையில் அமர்ந்தனர். பெம்பிளை ஒருமை என்று அது பெயர் பெற்றது. (தமிழ் இலக்கணத்தில் ஒருமை பன்மைக்கு எதிர்ச்சொல், மலையாளத்து ஒருமை நம் ஒற்றுமை. ஆயிரக்கணக்கான பெண்கள் ஒருமையில் நின்றார்கள் என்று வகுப்பில் எடுத்துக்காட்டுச் சொல்லலாம்.) ஒன்பது நாள் போராட்டத்துக்குப்பின், 8.33 விழுக்காடு போனஸும் 11.67 விழுக்காடு கருணைத்தொகையுமாக 20 விழுக்காடு ஏற்கப்பட்டது.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு, போனஸில் ஏற்பட்ட குறைப்புக்கு இவ்வளவு சீற்றமா என்று வியப்பு. வீட்டுக் கணக்கு தெரிந்தவர்களுக்கு வியப்பில்லை. அன்றைய நாட்கூலி 232 ரூபாய். அதற்கு 21 கிலோ கொழுந்து எடுக்க வேண்டும். மாதம் 25 நாள் தவறாமல் வேலை கிடைத்தால் 5,800 ரூபாய். வருங்கால வைப்பு நிதிக்கு 12 விழுக்காடான 696 ரூபாய் போக 5,104. பிற பிடித்தங்களும் கடைப்பற்றும் இதன்மேல் அமர்கின்றன. இப்படிப்பட்ட பன்னிரண்டு மாதங்களில், பற்றேட்டுக்குள் நுழையாமல் மொத்தமாகக் கைக்கு வரும் ஒரே தொகை போனஸ். பள்ளிக் கட்டணம், எடுத்த சீட்டின் பாக்கி, அடகு நகை, தீபாவளித் துணி எல்லாம் அதை நம்பி முன்கூட்டியே ஒதுக்கப்பட்டவை. ஆண்டு முழுதும் பெண்கள் மனத்தில் போட்டுவைத்திருந்த வரவுசெலவுத் திட்டத்தின் அச்சாணியைத்தான் அந்த 10 விழுக்காடு தொட்டது.

அடுத்து அவர்கள் கேட்டது நாட்கூலி 500. அக்டோபரில் முடிவானது 301. அந்த வாரங்களில் அவர்கள் பேசிய காணொளிகளை மறுபடி பார்த்தேன். சித்தாந்தச் சொற்கள் குறைவு. அரிசி என்ன விலை, பருப்பு என்ன விலை, பிள்ளைக்கு என்ன ஆகிறது என்று விரல்விட்டு எண்ணுகிறார்கள். பானைக்குள்ளும் முந்தானைக்குள்ளும் ஒளிந்திருந்த கணக்கு, முதன்முறையாகக் கூலிக் கோரிக்கையாக நடுச்சாலையில் சொல்லப்பட்டது. ஒரு பிடியைக் குறைப்பது பற்றிய பேச்சு அதில் எங்கும் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ, பழைய மளிகைக் கடைப் பரணிலோ, 1990க்கு முந்தைய பற்றுப் புத்தகம் ஏதேனும் இருந்தால் பழைய தாளுக்குப் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்துக்கொள்ள அனுமதி போதும். பெயர்களை மறைத்தே பயன்படுத்துவேன். பாட்டி சொன்ன அந்தப் புத்தகம் இப்போது இல்லை. மகள் கல்யாணத்தன்று பாக்கி முழுவதையும் தீர்த்துவிட்டு, அன்று மாலையே அடுப்பில் போட்டுவிட்டாராம். “எதுக்கு தாயி அத வச்சிக்கிட்டு?” என்றார். ஆய்வாளராக எனக்கு அது பெரிய இழப்பு. அவரிடம் அதைச் சொல்லவில்லை.